இல்லம் பேணுவோம்: கூரை நீரும் அயலார் சுவரும்



வீடு கட்டும்போது நிலையையும் கதவையும் பார்த்துப் பார்த்துச் செய்கிறோம். பங்குத்தந்தையை அழைத்து இல்லத்தை மந்திரிக்கச் செய்கிறோம். ஆயினும் கூரையில் விழும் மழைநீர் எங்கே போய்ச் சேரும் என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. ஐப்பசி, கார்த்திகையில் சுவர் ஓதம் கண்டு, சுண்ணாம்பு உதிர்ந்து, அடுத்த வீட்டாரோடு வாய்த்தகராறும் மூண்ட பின்னரே அந்த நினைவு வருகின்றது. கூரையின் விளிம்பில் நீரை ஏந்தும் தகர வாய்க்காலைச் சிலர் பீலி என்பர். இம்மாதம் அதனைப் பற்றியே பேசுவோம்.

புதுவையில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களில் கொட்டிவிடுகின்றது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, இருபத்து நான்கு மணி நேரத்தில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை பெய்தது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற தாழ்ந்த பகுதிகளில் தெருக்கள் குளமாயின. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். சாரத்தில் 600 சதுர அடிக் கூரையுள்ள சிறு வீட்டை எடுத்துக்கொள்வோம். அது ஏறத்தாழ 56 சதுர மீட்டர். அத்தகைய மழை நாளில் அக்கூரையிலிருந்து மட்டும் இறங்கும் நீர் 27,000 லிட்டருக்குச் சற்றே குறைவு; அதாவது 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் இரண்டிற்கும் மேல். இத்தனை நீரும் சுவரின் காலடியில் விழுந்தால் எந்த அடித்தளம்தான் தாங்கும்?

கடற்கரைச் சாலையில் நின்ற பழைய நகராட்சிக் கட்டடமாகிய மேரியை நாம் மறந்திருக்க மாட்டோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட அம்மாளிகை 2014 நவம்பர் 29 அன்று, மழையின்போது இடிந்து வீழ்ந்தது. ஒரு நாள் மழை மட்டும் அதனை வீழ்த்தவில்லை. நெடுங்காலம் பழுது பார்க்கப்படாத கட்டடம் அது. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட சுவர் நனைந்து உலர்வதைப் பொறுக்கும். நனைந்தபடியே கிடப்பதைப் பொறுக்காது. அக்கட்டடம் பழைய வடிவிலேயே மீண்டும் கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. எளியவர் வீடு அவ்வாறு மீண்டும் எழுவது எளிதன்று.

கோயில் கட்டிய முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். பாரிசு நகரின் நோத்ருதாம் பேராலயத்தில் கோர முகங்களோடு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கல்லுருவங்கள் வெறும் அலங்காரத்திற்காக வைக்கப்பட்டவை அல்ல. கூரை நீரைச் சுவரில் படாமல் தொலைவில் உமிழும் தூம்புகளே அவை.

இனிச் செய்முறைக்கு வருவோம். பீலியை மாற்றுமுன் பழையதைக் கூர்ந்து பாருங்கள். ஓரிரு துளைகள் மட்டும் இருந்தால் பற்றவைத்துச் சரிசெய்யலாம். அடித்தகடு முழுதும் துருவேறி, விரலால் அழுத்தினால் நெகிழுமாயின் ஒட்டுப் போடுவது வீண் செலவு. பீலியைத் தாங்கும் மரச்சட்டம் உளுத்திருந்தால் முதலில் அதனை மாற்ற வேண்டும். உளுத்த மரத்தில் அடித்த ஆணி ஒரு மழையைக்கூடத் தாங்காது.

புதிய பீலிக்குத் துத்தநாகம் பூசிய தகடும் உண்டு, பி.வி.சி.யும் உண்டு. தகட்டை உப்புக் காற்று நாளடைவில் அரிக்கும். பி.வி.சி. துருப்பிடிக்காது, எனினும் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். ஆகவே இணைப்புகளில் சிறிது இடம் விட்டே பொருத்த வேண்டும். எதுவாயினும் வாட்டமே உயிர். பத்தடிக்கு அரை அங்குலம் வீதம் குழாய் இருக்கும் பக்கம் தாழ வேண்டும். நூல் பிடித்துப் பார்க்காமல் கண்மதிப்பில் விடாதீர்கள். தாங்கிகள் இரண்டு அல்லது இரண்டரை அடிக்கு ஒன்றாக இருக்கட்டும். மேட்டுப் பக்கத்துத் தகடு பள்ளத்துப் பக்கத்துத் தகட்டின் உள்ளே படிய வேண்டும். மாறிப் படிந்தால் இணைப்பில் ஒழுகும். ஓட்டின் விளிம்பு பீலிக்குள் இரண்டு அங்குலம் நீண்டிருக்கட்டும். வெளி விளிம்பு உள் விளிம்பைவிடச் சற்றுத் தாழ்ந்திருந்தால், பீலி நிரம்பினாலும் நீர் சுவர்ப்பக்கம் வழியாமல் வெளியே வழியும்.

நீரை இறக்க நாலங்குலக் குழாய் வையுங்கள். இரு முனைகளிலும் ஒவ்வொன்று வைப்பது நலம். அவ்வாறாயின் வாட்டம் நடுவிலிருந்து இரு பக்கமும் தாழ வேண்டும். குழாயின் வாயில் கம்பிவலை இட்டால் சருகு அடைக்காது. கீழே நீர் சுவரோரம் விழாமல் மூன்று நான்கு அடி தள்ளிப் போகட்டும். இயன்றவர் முதல் மழையைக் கழித்துவிட்டு, பின்வரும் நீரை வடிகட்டித் தொட்டியிலோ உறிஞ்சுகுழியிலோ சேர்க்கலாம். கடலோர நகராகிய நமக்கு நிலத்தடியில் இறங்கும் நன்னீர் ஒவ்வொரு குடமும் செல்வமே. வேலை முடிந்ததும் கூலியைக் கொடுக்குமுன் மேட்டு முனையில் இரண்டு வாளி நீர் ஊற்றிப் பாருங்கள். நீர் எங்கும் தேங்கலாகாது. தேங்கிய நீரில் டெங்கு பரப்பும் கொசு முட்டையிடும்.

வேலையாளின் உயிரையும் எண்ணுங்கள். சாரம் என்ற சொல் நமக்கு ஊர்ப்பெயர். கொத்தனாருக்கோ நின்று வேலை செய்யும் மேடை. ஆட்டங்காணும் ஏணியில் ஒருவரை ஏற்றிவிட்டு நாம் திண்ணையில் அமர்ந்திருப்பது முறையன்று. நல்ல சாரம் கட்டச் சொல்லுங்கள். மின்கம்பி அருகில் இருந்தால் முதலில் மின்துறைக்குச் சொல்லுங்கள். கூரை பழைய கல்நார்த் தகடாயின் அதனை உடைக்கவோ துளைக்கவோ விடாதீர்கள். அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு. இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரம், புது வீடு கட்டுவோர் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் என்று கட்டளையிடுகின்றது. அங்கிருந்து எவரேனும் விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்பதே காரணம். கூரையின்மேல் நடப்பதற்கு வீட்டுக்காரன் பொறுப்பு என்பது அத்துணைப் பழைமையான நீதி.

அயலாரைப் பற்றிய நீதியும் புதுவைக்குப் புதிதன்று. 1804ஆம் ஆண்டின் பிரெஞ்சு உரிமையியல் சட்டத் தொகுப்பு, தன் 681ஆம் பிரிவில், ஒருவன் தன் கூரை நீர் தன் நிலத்திலோ பொதுத் தெருவிலோ விழுமாறே கூரையை அமைக்க வேண்டும், அயலான் நிலத்தில் விழச் செய்யலாகாது என விதித்தது. அந்தத் தொகுப்பு 1819இல் புதுவையிலும் அறிவிக்கப்பட்டது. பிரெஞ்சு ஆட்சி போயிற்று. அந்நெறியின் நியாயம் போகவில்லை. சுவரோடு சுவர் ஒட்டி வாழும் நம் தெருக்களில் அரையடி தள்ளி வைத்த ஒரு குழாய், ஆண்டுக்கணக்கில் நீளும் பகையைத் தடுத்துவிடும். எனவே வேலை தொடங்குமுன் அடுத்த வீட்டாரை அழைத்து, குழாய் எங்கே இறங்கும் என்று காட்டிவிடுங்கள். வாடகை வீட்டில் இருப்போர் தாமே செலவழிக்குமுன் உரிமையாளரிடம் பேசி முடிவு செய்வது நல்லது.

பாறைமேல் கட்டிய வீட்டையும் மணல்மேல் கட்டிய வீட்டையும் பற்றிய ஆண்டவரின் உவமையில் மழை இரண்டின்மேலும் ஒரே விதமாகத்தான் பெய்தது. மழை வந்தபின் அடித்தளம் தேடுவாரில்லை. செப்டம்பர் 8இல் வேளாங்கண்ணி மாதா திருவிழா முடிந்து வீடு திரும்பியவுடன் பீலியைத் துடைப்பதென்று வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அதே நாளில் அன்பியத்து இளைஞர் நால்வர் சேர்ந்து, தெருவில் தனித்து வாழும் முதியவர், கைம்பெண் ஆகியோரின் கூரைச் சருகையும் அகற்றிக் கொடுத்தால், அதுவும் அன்னைக்குச் செலுத்தும் நேர்த்திக்கடனே.