அலைகரையில் நிற்கும் நெல்

வயலுக்குள் காட்டு நெல்லைக் கண்டால் கமக்காரர் பிடுங்கி எறிவார்கள். எறியத்தான் வேண்டும். பயிர் நெல்லோடு கலந்துவிட்டால், அறுவடைக்கு முன்னரே மணியைக் கொட்டி அடுத்த போகத்திலும் முளைத்து நிற்கும். 1990களிலிருந்து இலங்கை வயல்களில் பெருகிய பன்றிநெல்லுத் தொல்லையில் இந்தக் கலப்புக்குப் பங்குண்டு. ஆனால் வரம்புக்கு அப்பால், அக்கராயன் போன்ற உலர்வலயக் குளங்களின் அலைகரையில், அதைத் தொடக்கூடாது என்பதே என் கட்சி.

இலங்கையில் காட்டு நெல் ஐந்து இனம். ஒவ்வொன்றும் தனக்கேற்ற ஈரத்தைத் தேடி இடம் பிடித்திருக்கிறது. ரூபிபோகன் ஆண்டு முழுதும் தண்ணீர் நிற்கும் இடங்களில் வாழ்கிறது. கிரனுலாட்டாவும் ஐக்கிங்கேரியும் மரநிழலை நாடியவை. ஐக்கிங்கேரியை இலங்கையை விட்டால் ஆபிரிக்காவில்தான் காணலாம்.

மற்ற இரண்டும் நம்முடைய கோடைக்குப் பழகியவை. நிவாரா ஓராண்டுப் பயிர். மாரியில் முளைத்து, குளம் வற்றுவதற்குள் பூத்துக் காய்த்து, மணியைச் சேற்றில் சிந்திவிட்டு மடிந்துபோகும். வெடித்துக் கிடக்கும் நிலத்தில் அந்த விதை அடுத்த மழைவரை உறங்கும். ரைசோமாட்டிஸ் வேறு வழி கண்டது. இஞ்சியைப்போல மண்ணுக்குள் கிழங்கோடும் அது, கோடையில் மேலே காய்ந்து கருகினாலும் முதல் மழைக்கே தளிர்த்துவிடும். இதைத் தனி இனமென்று அறிவியல் பெயரிட்டது 1990இல்தான். உலகத்தில் இலங்கையைத் தவிர வேறெங்கும் இது இயற்கையாக இல்லை.

இதனால் நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு கதை உண்டு. அறக்கொட்டியான் என்று நாம் சொல்லும் கபிலநிறத் தத்தி பயிரைச் சாறுறிஞ்சிக் கெடுப்பதோடு, நெல்லைப் புல்லாய்க் குட்டையாக்கும் ஒரு வைரசையும் பரப்புகிறது. ஆசிய வயல்களை அந்த வைரஸ் வதைத்த காலத்தில் பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 6,000க்கும் மேற்பட்ட விதை மாதிரிகளைச் சோதித்தது. எதிர்த்து நின்றது ஒன்றே ஒன்று: உத்தரப் பிரதேசத்தில் எடுத்த நிவாரா. அதன் குணத்தை ஏற்றி 1976இல் வெளிவந்த ஐ.ஆர். 36, பின்னர் ஒரு கோடி ஹெக்டேயருக்கு மேல் விளைந்தது. எவரும் விதைக்காத, எவரும் அறுக்காத நெல் செய்த உதவி அது.

உவர் ஏறிய பூநகரி வயல்களை நினைக்கும்போது தமிழ்நாட்டுக் கரையோரத்துப் பிச்சாவரம் கண்முன் வருகிறது. அங்கே கடல்நீர் ஏறியிறங்கும் சேற்றில் நெல்லின் உறவான கோஆர்க்டாட்டா நிற்கிறது. உறிஞ்சிய உப்பை இலையிலுள்ள நுண்மயிர்கள் வழியே வெளித்தள்ளும் வித்தை அதற்குத் தெரியும். அந்தக் குணத்தைப் பயிருக்குக் கொண்டுவர ஆய்வாளர்கள் இன்னும் பாடுபடுகிறார்கள்.

விதையை எடுத்துக் குளிரறையில் வைத்தால் போதாதா என்பார்கள். கன்னொறுவையில் அப்படியொரு நிலையம் இருக்கிறது, அது வேண்டியதுதான். ஆனால் குளிரறைக்குள் விதை நின்ற இடத்திலேயே நிற்கும். அலைகரையில் நிற்பதோ ஒவ்வொரு வறட்சியிலும் தாங்காததை இழந்து, தாங்கியதைக் கொண்டு அடுத்த ஆண்டுக்குப் போகிறது. மழை முன்னும் பின்னும் தவறிவரும் இந்தக் காலத்தில் அந்தப் பயிற்சி எந்தக் குளிரறையிலும் கிடையாது. 2004இல் ஆர்மேனியா, பொலிவியா, மடகஸ்கார், உஸ்பெகிஸ்தான் நாடுகளோடு இலங்கையும் சேர்ந்த திட்டமொன்று, பயிர்களின் காட்டு உறவுகளை நின்ற இடத்திலேயே காப்பதைத்தான் நோக்கமாகக் கொண்டிருந்தது.

குளம் திருத்தும்போது இயந்திரம் கரையோரம் முழுவதையும் வழித்துவிடுகிறது. எஞ்சியதைக் களைநாசினி முடிக்கிறது. காலபோகம் தொடங்குமுன் கூடும் கூட்டத்தில் விதைப்புத் திகதியையும் கால்நடை அகற்றும் திகதியையும் தீர்மானிக்கிறோம். அதே கூட்டத்தில், வயலுக்குத் தூரமான அலைகரைத் துண்டொன்றுக்கு இயந்திரமும் நாசினியும் போவதில்லை என்றும் தீர்மானம் எழுதலாம். அதற்குப் பணம் தேவையில்லை. கமக்கார அமைப்புகள் ஒத்துக்கொண்டால் வருகிற போகத்திலேயே தொடங்கலாம்.