இருபது மீட்டர் எவரெஸ்ட்



'உங்க ஊர்ல மலை இருக்கா?'ன்னு திருவையாத்துப் பசங்ககிட்ட கேட்டா, 'சுவாமிமலை இருக்கே!'ம்பாங்க. அதுவும் அறுபது படி வச்சுக் கட்டின மலை! தஞ்சாவூர்லேருந்து எங்க ஊருக்கு வர்ற வழியில வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரின்னு அஞ்சு ஆத்துப் பாலம். ரோடு கொஞ்சம் தலையைத் தூக்குறது அங்கே மட்டும்தான். மத்தபடி வயல், வாழை, வெத்தலைக் கொடிக்கால்... எல்லாமே மட்டம்.

ஆனாலும் எங்க செட்டுக்குன்னு ஒரு எவரெஸ்ட் உண்டு. வாழைத் தோப்புக்குள்ளேருந்து ஆத்தங்கரை மேல ஏறுற வண்டிப் பாதை. டிராக்டர் ஏறணும்னு வெட்டினது. கால் ஊணாம சைக்கிள்ல ஏறணும், அதான் பந்தயம். தோத்தவன் எல்லாருக்கும் அசோகா வாங்கித் தரணும். திருவையாறுன்னா தியாகராஜருக்கு அடுத்து அசோகாதானே!

என்னோடது பிளஸ் ஒன்ல கவர்மென்ட் கொடுத்த சைக்கிள். கியர் கிடையாது. பன்னெண்டு தடவை ட்ரை பண்ணேன், பன்னெண்டு தடவையும் பாதியில கால் ஊணினேன். புதுசா கியர் சைக்கிள் வாங்கின ஃப்ரெண்டு, விசில் அடிச்சுக்கிட்டே ஏறிட்டான். 'மாப்ள, கியர் இல்லாம இதெல்லாம் ஆகாதுடா'ன்னு ஒரு அட்வைஸ் வேற.

அன்னிக்கு ராத்திரியே அப்பாகிட்ட கேட்டுடறதுன்னு முடிவு பண்ணேன். பதினஞ்சாயிரம் ரூபா. காலேஜுக்குப் போக, உடம்புக்கு நல்லதுன்னு டயலாக் எல்லாம் ரெடி. கொல்லைப்பக்கம் போனா, சம்பா நடவு செலவுக்கு எந்த நகையை அடகு வைக்கலாம்னு அப்பாவும் அம்மாவும் மெதுவா பேசிட்டிருந்தாங்க. சத்தமில்லாம திரும்பி வந்து படுத்துட்டேன்.

தூக்கம் வரல. மூணு வருஷமா மெக்கானிக்கல் படிக்கிறேனே, எதுக்கு?

மறுநாள் பக்கத்து வீட்டுக் கொத்தனார் அண்ணன்கிட்ட லெவல் ட்யூப் வாங்கிட்டுப் போய் மேட்டை அளந்தேன். பாதை நீளம் 20 மீட்டர், உயரம் 4 மீட்டர். அதாவது அஞ்சு மீட்டர் போனா ஒரு மீட்டர் ஏறணும். என் சைக்கிள்ல முன்சக்கரப் பல் இல்லீங்க, பெடல் பக்கத்துப் பல்லு 44, பின்னாடி ஃப்ரீவீல்ல 18. ஒரு சுத்து மிதிச்சா வண்டி 5.4 மீட்டர் ஓடும். மட்டமான ரோட்டுக்கு சூப்பர். இந்த மேட்டுக்கு? கணக்குப் போட்டா, பெடல் மேல சராசரியா 77 கிலோ எடை அழுத்தணும்னு வருது. என் வெயிட்டே 57 கிலோ! ஏறி நின்னு குதிச்சாலும் பத்தாது. ஃப்ரெண்டோட சைக்கிள்ல சின்ன கியர் முன்னாடி 22, பின்னாடி 34. அவனுக்கு இருபது கிலோ போதும். அவன் பலசாலி இல்ல, பல்சாலி!

இந்த அவமானம் எனக்கு மட்டும் இல்லீங்கறது ஒரு ஆறுதல். பெல்ஜியத்துல கோப்பன்பெர்க்னு ஒரு குட்டி மேடு. கல்லு பாவின ரோடு, ரொம்பச் செங்குத்தான இடத்துல 22 சதவீதம். உலக சாம்பியன்களே இறங்கித் தள்ளிட்டுப் போன இடம். 1987 ஃப்ளாண்டர்ஸ் ரேஸ்ல முன்னாடி போன ஜெஸ்பர் ஸ்கிபி அங்கே விழ, பின்னாடி வந்த ரேஸ் அதிகாரியோட கார் அவர் சைக்கிள் மேலயே ஏறிடுச்சு. அப்புறம் 2002 வரைக்கும் அந்த மேட்டை ரேஸ்ல சேர்க்கவே இல்ல.

மவுன்டன் பைக் பிறந்த கதையும் நம்ம கதைதான். 1970-கள்ல கலிஃபோர்னியாவின் மரீன் பகுதிப் பசங்க, பழைய ஒத்தை கியர் சைக்கிளை வச்சுத்தான் மண் பாதையில இறங்கி விளையாடினாங்க. 1976-ல ரீபேக்னு ரேஸே ஆரம்பிச்சாங்க. இறங்க முடிஞ்சது, ஏற முடியல. அதனால அவங்களே கியர் மாட்டிக்கிட்டாங்க. 1996-ல அந்த விளையாட்டு ஒலிம்பிக்ஸுக்கே போயிடுச்சு!

சரி, நாம என்ன மாட்டலாம்? சைக்கிள் கடை அண்ணன்கிட்ட 22 பல்லு ஃப்ரீவீல் கேட்டேன். 'லோடு அடிக்கிறவங்கதான் தம்பி இதைக் கேப்பாங்க'ன்னாரு. ஒரு சினிமா செலவுதான். செயினை ஒரு கண்ணி நீட்டி மாட்டிக் கொடுத்தாரு. 77 கிலோ, 63 ஆச்சு. இன்னும் 6 கிலோ உதைக்குது.

அடுத்த ஐடியா கொல்லிமலை கொடுத்தது. அந்த ரோட்டுல ஏன் 70 கொண்டை ஊசி வளைவு? நேரா ஏறாம வளைஞ்சு ஏறினா தூரம் கூடும், சரிவு குறையும். எங்க பாதை மூணு மீட்டர் அகலம். வளைஞ்சு வளைஞ்சு போக அது தாராளம். மூணாவது, ஓடி வர்ற வேகம். இருபது கிலோமீட்டர் வேகத்துல வந்தா, மிதிக்காமலே ஒன்றரை மீட்டர் உயரம் சும்மா கிடைக்கும். ப்ளஸ் டூ ஃபிசிக்ஸ்தான்!

ஞாயித்துக்கிழமை காலையில போனோம். முதல்ல பிரேக் ரப்பரைப் பார்த்துக்கிட்டேன். ஏற முடியலைன்னா பின்னாடியே உருளணுமே! வாய்க்கால் ஓரம் வேகமா வந்து, பாதி மேடு வரைக்கும் ஜாலி. அப்புறம் இடது, வலது, இடது... தொடை எரியுது, ஹேண்டில் கோணுது, முன் வீல் தூக்குது. கடைசி ரெண்டு மீட்டர்ல கண்ணை மூடிட்டேன். திறந்தா, எதிர்ல காவிரி!

அசோகா அன்னிக்கு ஃப்ரெண்டு செலவு. மட்டமான ரோட்டுல இப்ப கூடுதலா மிதிக்கணும்கறது உண்மை. ஒரு சுத்துக்கு 4.4 மீட்டர்தான். எதையாவது கொடுத்துத்தானே எதையாவது வாங்க முடியும்?

நாலு நாள் கழிச்சு, அப்பா என் சைக்கிள்ல யூரியா மூட்டையை வச்சுக்கிட்டு வயலுக்குப் போயிட்டு வந்தாரு. வழக்கமா கரை ஏத்தத்துல இறங்கித் தள்ளுவாரு. வந்ததும் கேட்டாரு: "ஏன்டா, வண்டிய என்ன பண்ணின? ஏத்தத்துல லேசா மிதிக்குது."

பதினஞ்சாயிரம் ரூபா டயலாக் எல்லாம் மறந்தே போச்சு. 'பல்லு மாத்தினேம்ப்பா'ன்னு மட்டும் சொன்னேன்.

சரி ஃப்ரெண்ட்ஸ், உங்க ஊர் எவரெஸ்ட் எது? பாலமா, கரையா, ரயில்வே கேட் மேடா? கியர் சைக்கிளுக்கு வீட்ல கேக்கறதுக்கு முன்னாடி, ஒரு தடவை அளந்து பார்த்துடுங்க. அடுத்த வாரம் மீட் பண்ணுவோம்!