பாடும் முரண்பாடும்

பழவேற்காட்டு ஏரியில் வேலி இல்லை. எல்லைக் கல் இல்லை. ஆயினும், எந்த நாளில் எவர் எவ்விடத்தில் வலை கட்டுவது என்பதைக் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர் வழிவழியாக வரையறுத்து வந்துள்ளனர். அவ் வரையறைக்குப் ‘பாடு’ என்பது பெயர். உரிமையுடைய தலைக்கட்டுகள் கூடிச் சீட்டெடுப்பர். இறால் மிகுதியாய் அகப்படும் இடம் இன்று ஒருவர்க்கு வாய்த்தால், அடுத்த முறை மற்றொருவர்க்கு. ஏட்டில் எழுதாத சட்டம் இது, எனினும் சட்டமே.

சொல்லையும் நோக்குக. பங்கும் பாடே, உழைப்பும் பாடே, உடன்பாடும் முரண்பாடும் பண்பாடும் அவ் வேரின் கிளைகளே. ஒருவன் முறை மாறி வலை கட்டினான் என்று குற்றச்சாட்டு எழுமாயின், அது ஊரார் நடுவில், ஊரார் மொழியில் எழும். சாட்டப்பட்டவனுக்குச் சாட்டு விளங்கும். விடை சொல்ல வாயும் இருக்கும். மறுநாள் விடியலில் இருவரும் அதே நீரில் எதிர்ப்பட வேண்டியவர்கள். ஆதலின் சினத்திற்கும் ஓர் அளவு உண்டு.

இவ்வளவோடு நிறுத்திப் பழம்பெருமை பேசுவார் உளர். அது பாதி உண்மை. பாடுரிமை பிறப்பைப் பற்றி நிற்பது. அதே கரையில் வாழும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கும், சேற்றைத் துழாவிக் கையால் இறால் பிடிக்கும் இருளர்க்கும் அச் சீட்டில் நெடுங்காலம் பெயர் இருந்ததில்லை. பங்கு கேட்டவர்களிடம், கூட்டத்தில் காட்டிய பொறுமை கரையில் காட்டப்படவில்லை, கைகலப்பும் நேர்ந்தது. இருக்கை தராமலே ஒருவனை நோக்கி, ‘அமைதியாய்ப் பேசு’ என்பது எவ்வகை நாகரிகம்? அது வாய்ப்பூட்டு. தமிழர் ஒன்றுபட வேண்டும் என மேடைதோறும் முழங்குவோர் பலர் இவ்விடத்தில் வாய் திறப்பதில்லை.

இனி, அரசின் சட்டம். இறால் பண்ணைகளுக்கு எதிராகக் காந்தியத் தொண்டர் செகநாதன் தொடுத்த வழக்கில், 1996 திசம்பர் 11-ஆம் நாள் இந்திய உச்சநயன்மன்றம் தீர்ப்பளித்தது. சிலிக்கா, பழவேற்காடு ஆகிய ஈரேரிகளைச் சுற்றி 1000 மீட்டருக்குள் அத்தகைய பண்ணைகள் கூடா என்றது அது. ஏரிக்குடிகளுக்கு அரணான தீர்ப்பே. ஆனால் எழுதப்பட்டது ஆங்கிலத்தில். 2005-இல் நாடாளுமன்றம் இயற்றிய கடற்கரை நீர்ப்பண்ணை ஆணையச் சட்டம், அத் தொழிலைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் வழியைத் திறந்தது. அது ஆங்கிலத்திலும் இந்தியிலும். எது நிற்கிறது, எது வீழ்ந்தது என்று வலைஞன் எவரைக் கேட்பான்? தரகன் ஒன்று சொல்வான், கட்சிக்காரன் வேறொன்று. கேள்விச் செய்தியைக் கொண்டு வழக்காடுவோன் சான்று காட்ட இயலாது. இயலாதபோது குரலை உயர்த்துவான். குரலும் போதாதபோது வசை. கரையோரத்துக் கூச்சலைக் கண்டு முகஞ்சுளிக்கும் படித்தவர்கள், அது எங்கிருந்து பிறக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

சென்னை உயர்நயன்மன்றத்தில் தமிழும் வழக்குமொழியாக வேண்டும் என்று தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006-இல் முடிவு நிறைவேற்றியது. அரசியலமைப்பின் 348-ஆம் உறுப்பு அதற்கு இடந்தருகிறது. அவ் வழியே சில வடமாநிலங்களின் உயர்நயன்மன்றங்களில் இந்தி நுழைந்தும் விட்டது. தமிழுக்குக் கதவு திறக்கவில்லை.

அக் கதவு திறக்கும் வரை ஏரிக்கரை காத்திருக்க வேண்டியதில்லை. மீன்வளத் துறையும் மாவட்ட ஆட்சியரும் நினைத்தால், ஏரியைத் தொடும் ஒவ்வொரு தீர்ப்பையும் ஆணையையும் தமிழில் பெயர்த்து ஊர்மன்றில் உரக்கப் படிக்கச் செய்யலாம். படிக்கும் அன்று, பாடு உடையாரும் பாடு இல்லாரும் ஒரே பாயில் அமர்ந்திருக்க வேண்டும், இருளர் உட்பட.