நாமா, நாங்களா?

ஆங்கிலத்தின் ‘வீ’ என்னும் சொல்லுக்குப் பிள்ளைகள் பொருள் கேட்டால், ‘நாங்கள்’ என்று கூறிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அது பாதி விடையே.

பாண்டி பஜாரில் எதிர்ப்படும் நண்பரிடம், “நாங்கள் கடற்கரைக்குப் போகிறோம்” என்றால் அதில் அவருக்கு இடமில்லை. “நாம் போவோம்” என்றால் அது அழைப்பு. இவ்வாறு கேட்பவரையும் சேர்த்துக்கொள்வதை இலக்கண நூலார் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்பர். ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இல்லை. அரபியின் ‘நஹ்னு’விலும் உர்துவின் ‘ஹம்’மிலும்கூட இல்லை. (குர்ஆன் தமிழாக்கங்களில் இறைவன் ‘நாம்’ எனக் கூறுவது மாட்சிமைப் பன்மை. அங்கே கேட்பவர் அடங்கார்.)

நமது அரசியலமைப்பின் ஆங்கில முகப்புரை ‘வீ’ என்றே தொடங்குகிறது. வரைவுக் குழுவில் மயிலாப்பூரில் வாழ்ந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும், அஸ்ஸாமின் சையத் முஹம்மது சாதுல்லாவும் இருந்தனர். 1949 நவம்பர் 26இல் அது ஏற்கப்பட்டது. தமிழில் பெயர்த்தோர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டியிருந்தது, ‘நாம்’ என்றனர். ‘நாங்கள்’ என்றிருந்தால், படிக்கும் நீங்களும் நானும் வெளியே நின்று கேட்பவர்களாகியிருப்போம்.

இவ்வளவும் அறிந்த நானே ஒருமுறை தவறினேன். அடையாற்றில் குடியிருப்போர் கூட்டமொன்றில், “எங்கள் தெருவில் மழைநீர் தேங்குகிறது” என்றேன். இருபது ஆண்டுகளாக அடுத்த வீட்டில் வாழும் பெரியவர் மெல்லக் கேட்டார்: “அப்போ நான் எந்தத் தெரு, பாய்?”