லாங் பஜார் தராசும் கிரிட் கம்ப்யூட்டிங்கும்

வேலூர் லாங் பஜாரில் எந்தக் கடையில் ஒரு கிலோ துவரம்பருப்பு கேட்டாலும் அதே ஒரு கிலோதான். விலையைக் கடைக்காரர் கூட்டலாம், குறைக்கலாம். கிலோவை மாற்ற முடியாது. இதில் என்ன பெரிய அதிசயம் என்று தோன்றும். ஆனால் ஒரு காலத்தில் சேர், வீசை, மணங்கு, படி என்று ஊருக்கு ஒரு அளவு இருந்தது. பெயர் ஒன்றாக இருந்தாலும் எடை ஊருக்கு ஊர் மாறும். 1956ல் எடை அளவுச் சட்டம் வந்து, மெட்ரிக் முறை மெல்ல மெல்லப் பரவிய பிறகுதான் அந்தக் குழப்பம் தீர்ந்தது.

கம்ப்யூட்டர் சக்தியை வாங்கி விற்கும் உலகம் இன்னும் அந்தப் படி, வீசை காலத்திலேயே நிற்கிறது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு அளவு, ஒரு வாசல், ஒரு பூட்டு. இதை மாற்ற ஒரு பெரிய முயற்சி நடந்தது. அதன் பெயர் கிரிட் கம்ப்யூட்டிங். பலர் அதை மறந்தே போய்விட்டார்கள். மறந்திருக்கக் கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

கிரிட் என்றால் என்ன?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் உள்ளவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். அங்கே தோல் வியாபாரம் செய்யும் எல்லோரிடமும் சொந்தமாக டேனரி இருக்காது. ஒருவர் பச்சைத் தோல் வாங்குவார். இன்னொருவரின் டேனரியில் கொடுத்து ஜாப் ஒர்க் முறையில் பதனிடுவார். அது வெட் புளூ ஆகி வெளியே வரும். அதை வேறொரு இடத்தில் கொடுத்து கிரஸ்ட் ஆக்கலாம், மூன்றாவது இடத்தில் ஃபினிஷிங் செய்யலாம். மெஷின் ஒருவருடையது, தோல் இன்னொருவருடையது.

இது எப்படி ஓடுகிறது? வெட் புளூ என்றால் என்ன, கிரஸ்ட் என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். ஃபினிஷ் ஆன தோலைச் சதுர அடியில் அளப்பார்கள். சரக்கு போகும்போது டெலிவரி சலான் கூடவே போகும். ஜிஎஸ்டி சட்டப்படி ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கு பொதுவாக ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும். மொத்தத்தில் சரக்கின் நிலைக்கு ஒரு பெயர், ஒரு அளவு, ஒரு சலான், ஒரு கெடு. இந்த நான்கும் பொதுவாக இருப்பதால் முன்பின் பழகாத இரண்டு முதலாளிகள்கூட ஒன்றாக வேலை செய்ய முடிகிறது.

கிரிட் கம்ப்யூட்டிங்கும் இதேதான். வேலை ஒருவருடையது, கம்ப்யூட்டர் வேறு வேறு ஊர்களில் வேறு வேறு நிறுவனங்களுடையது. யாரும் யாருக்கும் முதலாளி இல்லை. நடுவில் இருப்பது ஒரு பொதுப் புரோட்டோகால்.

ஐந்து அடுக்கு

2001ல் இயன் ஃபாஸ்டர், கார்ல் கெசல்மேன், ஸ்டீவன் டூக்கி என்ற மூவர் இதற்கு ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தார்கள். அதில் ஐந்து அடுக்கு. அடியில் கம்ப்யூட்டர், டிஸ்க், நெட்வொர்க் போன்ற சரக்கு. அதற்கு மேல் தொடர்பும் அடையாளமும், அதாவது வந்திருப்பவர் யார், அவரை நம்பலாமா என்ற கேள்வி. மூன்றாவது அடுக்கில் ஒரே ஒரு மெஷினிடம் வேலை கொடுப்பது, நிலவரம் கேட்பது, நிறுத்துவது. நான்காவது அடுக்கு பல மெஷின்களைச் சேர்த்து நிர்வகிப்பது. உச்சியில் பயனாளியின் புரோகிராம்.

இந்த வரைபடத்தின் சாமர்த்தியம் நடுவில்தான் இருக்கிறது. மேலே ஆயிரம் விதமான புரோகிராம் வரலாம், கீழே ஆயிரம் விதமான மெஷின் வரலாம். நடுவில் மட்டும் மணற்கடிகாரத்தின் இடுப்பு போல மிகச் சில விதிகள் இருந்தால் போதும். இன்டர்நெட் ஜெயித்ததும் இதே வழியில்தான். ஐபி என்ற ஒரு சின்ன விதிக்கு எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மற்றதெல்லாம் அவரவர் இஷ்டம்.

நம் நாட்டில் கருடா

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. சி-டாக் நிறுவனம் 2000களின் நடுவில் கருடா என்ற தேசிய கிரிட்டைத் தொடங்கியது. முதல் கட்டத்தில் 17 நகரங்களில் 45 நிறுவனங்களை இணைக்கும் திட்டம். மேலே சொன்ன மூவரின் கூட்டத்திலிருந்து வந்த குளோபஸ் மென்பொருள்தான் அதற்கும் அடிப்படை. கிரிட்டில் நுழைபவர்களுக்கு அடையாளச் சான்றிதழ் வழங்க இங்கேயே ஒரு அமைப்பும் உருவானது.

பிறகு என்ன ஆயிற்று? உலகம் முழுக்க நடந்ததுதான். இடுப்பு சின்னதாக இருக்க வேண்டும் என்று சொன்னவர்களே அதைப் பெருக்க வைத்துவிட்டார்கள். குளோபஸின் மூன்றாம் பதிப்பு 2003ல் ஒரு புது விதிமுறையில் வந்தது. 2005ல் நான்காம் பதிப்பு அதைத் தள்ளிவிட்டு இன்னொரு விதிமுறைக்குப் போனது. ஐந்தாம் பதிப்பு வேலை கொடுக்கும் முறையில் மறுபடி பழைய வழிக்கே திரும்பியது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கிலோவின் எடையை மாற்றினால் லாங் பஜாரில் யார் தராசு வைத்திருப்பார்கள்? 2018 ஜனவரியோடு குளோபஸ் டூல்கிட்டுக்கு அதை உருவாக்கியவர்களின் ஆதரவு முடிந்தது. பயன்படுத்தியவர்கள் சிலர் சேர்ந்து அதை வேறு பெயரில் காப்பாற்றி வருகிறார்கள்.

இன்னொரு குறையை காமர்ஸ் படிக்கிறவர்கள்தான் சுலபமாகக் கண்டுபிடிப்பார்கள். யார், எப்படி, என்ன வேலை கொடுப்பது என்பதற்கெல்லாம் விதி எழுதினார்கள். வேலையை விவரிக்க 2005ல் ஒரு தனி மொழியே வந்தது. ஆனால் வேலை செய்து கொடுத்தவருக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்வி பின்னால் தள்ளப்பட்டது. பயன்பாட்டைக் குறித்துவைக்க முறை இருந்தது, தீர்வை முறை அன்றாட வழக்கத்துக்கு வரவில்லை. ஆராய்ச்சியாளர்களுக்குள் அது பரவாயில்லை. பஜாருக்கு அது போதாது.

கிரிட் தோற்றதா?

முழுக்கத் தோற்றது என்று சொல்ல முடியாது. ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வகத்தின் கணக்கு வேலைகளை இன்றும் 40க்கும் மேற்பட்ட நாடுகளில் உள்ள சுமார் 170 மையங்கள் பங்குபோட்டுச் செய்கின்றன. கொல்கத்தாவின் விஇசிசி, மும்பையின் டாடா ஆராய்ச்சி நிலையம் இரண்டும் அதில் உண்டு. கனமான பழைய சான்றிதழ் முறையை விட்டு எளிய டோக்கன் முறைக்கும், சாதாரண வெப் வழிக் கோப்புப் பரிமாற்றத்துக்கும் அங்கே மாறி வருகிறார்கள். அதாவது இடுப்பு மறுபடி மெலிகிறது.

ஆனால் வெளி உலகில் ஜெயித்தது கிளவுட். 2006ல் அமேசான் தன் எஸ்3 சேமிப்பைத் திறந்தது. இன்று வேறு பல நிறுவனங்களும் தங்கள் சேமிப்பை எஸ்3 போலவே நடக்கும்படி செய்கின்றன. இதைக் கவனிக்க வேண்டும். பொதுப் புரோட்டோகாலை எல்லோரும் சேர்ந்து எழுதாவிட்டால், புரோட்டோகால் இல்லாமல் போய்விடாது. பெரிய கடைக்காரரின் தராசே ஊர்த் தராசு ஆகிவிடும்!

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

ஏனென்றால் இப்போதுதான் பணம் கொட்டுகிறது. 2015ல் தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் மிஷனுக்கு 4,500 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. 70க்கும் மேற்பட்ட மையங்களை ஒரு கிரிட்டாக இணைப்பதே அதன் ஆரம்ப நோக்கம். அதன் கீழ் திருச்சி என்ஐடியில் 838 டெராஃப்ளாப்ஸ் திறனுள்ள பரம் பொருள் 2022 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்டது. 2024 மார்ச்சில் இந்தியா ஏஐ மிஷனுக்கு ஐந்து வருடத்துக்கு 10,371.92 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. தனியார் கம்பெனிகளின் ஜிபியுக்களை மானிய விலையில் கொடுப்பதும் அதில் ஒரு பகுதி.

நல்ல காரியம்தான். ஆனால் மெஷின் வாங்குவதில் இருக்கிற அவசரம் பொது மொழி எழுதுவதிலும் இருக்க வேண்டும். பொதுப்பணத்தில் வாங்கும் ஒவ்வொரு மெஷினும், மானியம் பெறும் ஒவ்வொரு கம்பெனியும், ஒரே மாதிரியான வாசலைத் திறந்து வைக்க வேண்டும் என்று நிபந்தனை போடலாமே. அந்த வாசலுக்கு ஐந்து விதி போதும். வருபவர் யார், யார் சார்பில் வருகிறார்? வேலை என்ன, எவ்வளவு நேரம் ஆகும்? டேட்டா எப்படிப் போய் வரும்? வேலை எந்த நிலையில் இருக்கிறது, எப்படி நிறுத்துவது? கணக்கு எவ்வளவு, யார் தீர்ப்பது? இதற்கு மேல் ஆறாவது விதி எழுத வருபவரைத் தயவுசெய்து வாசலிலேயே நிறுத்திவிடவும்.

எதிர்க்கேள்விகள்

"அடுத்தவர் மெஷினில் என் டேட்டாவை எப்படி நம்பிக் கொடுப்பது?" நியாயமான கேள்வி. நோயாளிகளின் விவரம் போன்றவற்றை வெளியே அனுப்பவே கூடாது. அதற்கு விதியிலேயே இடம் வேண்டும். "எல்லா வேலையையும் இப்படிப் பிரிக்க முடியுமா?" முடியாது. நொடிக்கு நொடி ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வேண்டிய கணக்கை வேலூருக்கும் திருச்சிக்கும் பிரித்துக் கொடுத்தால் காத்திருப்பதிலேயே காலம் போய்விடும். தனித்தனியாக வெட்டக்கூடிய வேலைக்குத்தான் கிரிட். அப்படிப்பட்ட வேலையும் குறைவில்லை. வேற்றுக்கிரக சமிக்ஞையைத் தேடிய செட்டி அட் ஹோம் 1999 முதல் 2020 வரை வீட்டுக் கம்ப்யூட்டர்களை வைத்தே ஓடியது.

"யார் சொன்னால் கம்பெனிகள் கேட்கும்?" இதற்குப் பதில் லாங் பஜாரிலேயே இருக்கிறது. 2016ல் யுபிஐ வருவதற்கு முன் ஒரு வாலெட்டிலிருந்து இன்னொரு வாலெட்டுக்குப் பணம் போகாது. இன்று பூக்கடையில் ஒட்டியிருக்கும் ஒரே க்யூஆர் அட்டைக்கு எந்த பேங்க், எந்த ஆப் என்றாலும் பணம் வந்து சேருகிறது. பேங்குகள் ஒன்றாகிவிடவில்லை, போட்டியும் போகவில்லை. ஒரு பொது விதி வந்தது, அவ்வளவுதான்.

வேலூர் பக்கத்துக் கல்லூரிகளின் லேப் கம்ப்யூட்டர்கள் மாலை பூட்டினால் மறுநாள் காலை வரை சும்மா கிடக்கின்றன. தமிழ்ப் பேச்சைப் புரிந்துகொள்ளும் மென்பொருள் செய்யவோ, பாலாற்று நீரின் பரிசோதனைக் கணக்கை ஓட்டவோ ஆசைப்படும் மாணவனுக்கு மெஷின் இல்லை. தோலுக்குச் சொந்தக்காரன் டேனரிக்கும் சொந்தக்காரனாக இருக்கவேண்டியதில்லை என்பதை இந்த ஊர் எப்போதோ கற்றுக்கொண்டது. கம்ப்யூட்டருக்கு இன்னும் அந்த சலானை அடிக்கவில்லை. அதை அடிக்கப் பத்தாயிரம் கோடி தேவையில்லை. நாலு பேர் உட்கார்ந்து ஒரு கிலோ என்றால் எவ்வளவு என்று ஒப்புக்கொண்டால் போதும்.