டி.வி.க்காகத் தென்னையை வெட்டலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் டி.டி. ஃப்ரீ டிஷ் இருக்கிறது. இரண்டு வருடமாகப் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. காற்றடித்தால் நின்றே விடுகிறது. டிஷ்ஷை மறைக்கும் தென்னையை வெட்டச் சொல்கிறார்கள். நன்றாகக் காய்க்கிற மரம். வேறு வழி உண்டா?
- வாசகர், பட்டுக்கோட்டை வட்டம்

பதில்: உண்டு. மரத்தில் கை வைக்கும் முன் கீழ்க்கண்டவற்றைப் பார்க்கவும்.

ரிமோட்டில் மெனுவுக்குள் சென்றால் சிக்னல் அளவு இரண்டு கோடுகளாகத் தெரியும். ஒன்று 'ஸ்ட்ரெங்த்', மற்றது 'குவாலிட்டி'. ஸ்ட்ரெங்த் நிறைந்திருந்தாலும் குவாலிட்டி குறைந்தால் படம் உடையும். எனவே குவாலிட்டி கோட்டைக் கவனித்தே எதையும் சரிசெய்ய வேண்டும்.

1. டிஷ்ஷை லேசாக அசைத்துப் பார்க்கவும். ஆடினால் நட்டு, போல்ட்டு தளர்ந்திருக்கிறது. காற்றில் படம் நிற்க இதுவே காரணமாகலாம். திசை மாறாமல் முறுக்கவும்.

2. பெட்டியின் மின் இணைப்பை எடுத்துவிட்டு, எல்.என்.பி.யில் கேபிள் சேரும் கனெக்டரைக் கழற்றிப் பார்க்கவும். துரு, பச்சை படிந்திருந்தால் அந்த நுனியை வெட்டிவிட்டுப் புதிய கனெக்டர் போடவும். எல்.என்.பி. மூடியில் விரிசல், குளவிக் கூடு இருக்கிறதா என்றும் பார்க்கவும்.

3. இவை சரியாக இருந்தும், ஓலை அசையும்போதெல்லாம் குவாலிட்டி இறங்கினால் மரம்தான் மறைக்கிறது. அப்போதும் வெட்ட வேண்டாம். டிஷ்ஷை நகர்த்தினால் போதும். ஃப்ரீ டிஷ் ஒளிபரப்பு ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கில், தரைமட்டத்திலிருந்து சுமார் 68 டிகிரி உயரத்தில் உள்ளது. டிஷ் நேரே பார்ப்பது போலத் தெரிந்தாலும் சிக்னல் உச்சி வானை ஒட்டியே இறங்குகிறது. ஆகவே டிஷ்ஷைவிட 25 அடி உயர்ந்த மரம்கூட, சுமார் 10 அடிக்குள் இருந்தால்தான் மறைக்கும். ஓலை நீளும் தூரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, மாடியின் மறு மூலைக்கோ முற்றத்துக்கோ மாற்றவும். குழாய் செங்குத்தாக நிற்கிறதா எனத் தூக்குக்குண்டு வைத்துப் பார்த்த பிறகே திசை திருப்ப வேண்டும்.

கனமழையில் சிறிது நேரம் படம் நிற்பது பழுதல்ல. மழை குறைந்ததும் தானே வரும். அப்போது டிஷ்ஷைத் திருப்பினால் இருக்கும் திசையும் கெடும். இடி மின்னல் நேரத்தில் மாடிக்கு ஏறவே கூடாது. புயல் நாட்களில் வானிலை அறிவிப்பு கேட்க, பேட்டரியில் இயங்கும் ரேடியோ ஒன்று வீட்டில் இருக்கட்டும்.