பேச்சு தானாக வரும் என்று காத்திருக்கலாமா?

தோட்டத்து மருந்தகத்துக்கு வரும் தாய்மார்கள், பிள்ளைக்குச் சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்றால் வந்து உட்கார்ந்ததுமே சொல்லிவிடுவார்கள். ஒரே ஒரு குறையை மட்டும் உட்கார்ந்து சொல்ல மாட்டார்கள். மருந்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, வாசற்படியில் ஒரு காலை வைத்த பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: “ஐயா, இவனுக்கு ரெண்டு வயசு முடிஞ்சிருச்சு. இன்னும் அம்மான்னு கூப்பிடல. பேரச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்க மாட்டேங்குறான். பயப்பட ஒண்ணும் இல்லதானே?”

ஏதோ ஒரு தாய் மட்டும் கேட்கும் கேள்வி அல்ல இது. பல வீடுகளில் இந்தக் கவலை இருக்கிறது. அதற்குக் கிடைக்கும் பதில்கள்தாம் எனக்குக் கவலை தருகின்றன. “ஆம்பளப் புள்ள மெதுவாத்தான் பேசும்.” “இவங்க தாத்தாவே அஞ்சு வயசுலதான் வாயத் தொறந்தாரு.” “நாக்குல வசம்பு உரசித் தடவு, சரியாப் போயிடும்.” பெரியவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இந்த ஆறுதலை நம்பி, இரண்டு வயதில் மருத்துவரிடம் போக வேண்டிய பிள்ளை, பள்ளியில் சேர்க்கும் நேரத்தில் ஆசிரியர் சொல்லித்தான் போகிறது. நடுவில் நான்கு ஆண்டுகள் வீணாகிவிடுகின்றன. ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்கிறோம். பேச்சு விஷயத்தில் ஐந்து என்பதே தாமதம். இரண்டு வயதிலேயே பார்த்துவிட வேண்டும் என்பதுதான் என் கருத்து.

எந்த வயதில் என்ன?

ஒரு வயது நிறையும்போது, பேர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை திரும்ப வேண்டும். ‘பாபா, தத்தா’ என்று மழலை பேச வேண்டும். டாட்டா காட்ட வேண்டும். ஒன்றரை வயதுக்குள் அர்த்தத்தோடு சில சொற்களாவது வர வேண்டும். இரண்டு வயதில் “அம்மா வா”, “பால் வேணும்” என்று இரண்டு சொற்களைத் தானாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிள்ளைக்குப் பிள்ளை சிறிது முன்பின் இருக்கலாம். ஆனால் இரண்டு வயதாகியும் இவை இல்லையென்றால் காட்டிவிடுவதே நல்லது.

எத்தனை சொல் வந்தது என்று மட்டும் பார்த்தால் போதாது. விரலையும் கண்ணையும் பாருங்கள். கூரையில் காக்கை உட்கார்ந்தால் பிள்ளை விரலை நீட்டிக் காட்டுகிறதா? காட்டிவிட்டு, “நீயும் பார்த்தாயா?” என்பதுபோல் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதா? அல்லது பிஸ்கட் டின் வேண்டுமென்றால், உங்கள் முகத்தைப் பார்க்காமல், உங்கள் கையை மட்டும் பிடித்து இழுத்துப் போய் டின் மேல் வைக்கிறதா? பேச்சு தாமதமானாலும் விரல் காட்டி, சொன்னதைப் புரிந்துகொண்டு, மற்றப் பிள்ளைகளோடு விளையாடும் குழந்தையைப் பற்றிக் கவலை குறைவு. சொல்லும் இல்லை, விரலும் இல்லை, பார்வையும் இல்லையென்றால் ஒரு மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம். வந்த பேச்சு நின்றுபோனாலும் அப்படித்தான், எந்த வயதானாலும் சரி.

முதலில் காது

பேசாத பிள்ளைக்கு முதலில் பார்க்க வேண்டியது காது. கேட்காத சொல்லை எந்தப் பிள்ளையும் திருப்பிச் சொல்லாது. “தட்டு கீழ விழுந்தா திரும்புறான் ஐயா, காது நல்லாக் கேக்குது” என்பார்கள். தட்டு விழும் சத்தம் கேட்கும் காதுக்கு ‘ச’, ‘த’, ‘ப’ என்ற மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். அடிக்கடி காதில் சீழ் வடியும் பிள்ளைக்கு இது நேரும். பிறந்தபோது மஞ்சள் காமாலை கடுமையாகி, இரத்தம் மாற்றும் அளவுக்குப் போன பிள்ளைக்கும் காது நரம்பு பாதிக்கப்படுவதுண்டு. காதைச் சரியாகச் சோதிக்கப் பெரிய ஆஸ்பத்திரியில் கருவிகள் இருக்கின்றன. பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும்போதே செய்யும் சோதனையும் உண்டு, வலி கிடையாது.

ஆட்டிசம் என்றால் என்ன?

காது நன்றாக இருந்தும் பிள்ளை முகம் பார்ப்பதில்லை, சேர்ந்து விளையாடுவதில்லை; செருப்புகளை வரிசையாக அடுக்கிக்கொண்டும், சைக்கிள் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டும் மணிக்கணக்கில் இருக்கிறது; வழக்கம் சற்று மாறினாலும் கத்தி அழுகிறது. இப்படி இருந்தால் மருத்துவர்கள் ஆட்டிசமாக இருக்குமோ என்று பார்ப்பார்கள். இது மூளை வளரும் விதத்தில் உள்ள ஒரு வேறுபாடு. பைத்தியமும் அல்ல, ஒட்டுவாரொட்டி நோயும் அல்ல. உலகில் 2021ஆம் ஆண்டில் ஏறக்குறைய 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தது என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. ஆகவே இது பணக்காரர் வீட்டுக்கு மட்டும் வரும் சங்கதி அல்ல. நம் லயத்திலும் இருக்கும்.

1943இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 பிள்ளைகளைப் பார்த்து முதன்முதலில் இதை விவரமாக எழுதினார். அதன்பின் பல ஆண்டுகள், தாய் பாசம் காட்டாததால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்று படித்தவர்களே பழி போட்டார்கள். 1977இல் இங்கிலாந்தில் இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆராய்ச்சி, இதில் பரம்பரைக்குப் பெரும் பங்கு இருப்பதைக் காட்டியது. பழைய பழி பொய்யாயிற்று. ஆனால் நம் தோட்டங்களில் அந்தப் பழி இன்னும் ஓயவில்லை. “வயித்துல இருக்கும்போது கிரகணத்துல வெளிய போனா”, “காலையில ஆயாக் கொட்டகையில விட்டுட்டு வேலைக்குப் போயிடறா” என்று மருமகள் மேல்தான் விழுகிறது. மாமியார்மார்களே, இது தாயின் குற்றமே அல்ல. விடிவதற்குள் பெரட்டுக்கு ஓடும் பெண், பிள்ளையின் பால் காசுக்காகத்தான் ஓடுகிறாள். வீட்டில் பழி சுமக்கும் தாய் பிள்ளையை வெளியே காட்டப் பயப்படுவாள். தாமதத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

ஊசியின் மேலும் ஒரு பழி உண்டு. 1998இல் ஒரு மருத்துவர் 12 பிள்ளைகளை வைத்து எழுதிய கட்டுரையால் தட்டம்மை ஊசி மேல் சந்தேகம் பரவியது. அது நேர்மையற்ற வேலை என்று தெரிந்து, வெளியிட்ட பத்திரிகையே 2010இல் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அவருடைய மருத்துவ உரிமமும் அதே ஆண்டு பறிபோனது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட முடிவு, ஊசியால் ஆட்டிசம் வருவதில்லை என்று தெளிவாகச் சொன்னது. ஆகவே ஊசியை நிறுத்தாதீர்கள். 27 ஆண்டுகளாகப் போலியோ இல்லாதிருந்த நம் நாட்டில், 2019 டிசம்பரில் சபாவில் ஒரு கைக்குழந்தைக்கு அது வந்ததை மறந்துவிடக் கூடாது.

கைப்பேசியும் இரண்டு மொழியும்

“போன் பாத்துத்தான் இப்படி ஆயிட்டானா?” என்று கேட்கிறார்கள். போன் ஆட்டிசத்தை உண்டாக்கியது என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் போன் பார்க்கும் நேரமெல்லாம் யாரும் பிள்ளையோடு பேசாத நேரம். இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், அதன்பின் நான்கு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுரை கூறியது. சோறு ஊட்டும்போது போன் வேண்டவே வேண்டாம். வேலை முடிந்து களைத்து வருகிறவர்களுக்கு இது சிரமம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த ஒரு வேளைச் சோற்றையாவது பேச்சோடு ஊட்டுங்கள்.

வீட்டில் தமிழ், வெளியே மலாய் என்பதால் பேச்சு வரவில்லை என்று சிலர் தமிழை விட்டுவிடுகிறார்கள். இது தவறு. இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தடைப்படுவதில்லை. தாய்க்கு எந்த மொழி வாயில் இயல்பாக வருகிறதோ அந்த மொழியில் பேசுவதுதான் பிள்ளைக்குப் பலம்.

என்ன செய்ய வேண்டும்?

அரசாங்கக் கிளினிக்கில் கொடுத்த பிள்ளையின் ரெக்கோட் புத்தகத்தை எடுங்கள். அதில் ஊசிப் பக்கம் மட்டும் இல்லை. ஒன்றரை வயதிலும் மூன்று வயதிலும் கேட்க வேண்டிய கேள்விப் பட்டியலும் இருக்கிறது. மிஸ்ஸி கேட்கும்போது வெட்கப்பட்டு எல்லாவற்றுக்கும் “ஆமா” என்று சொல்லிவிடாதீர்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பதிலில் சந்தேகம் வந்தாலே ஆட்டிசம் என்று முடிவு இல்லை. மேலும் பார்க்க வேண்டும் என்றுதான் பொருள். அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு காது சோதனை, குழந்தை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர் என்று வரிசையாகப் போக வேண்டியிருக்கும். முறை வர மாதக்கணக்கில் ஆகலாம். ஆகவேதான் சீக்கிரம் பெயர் பதியச் சொல்கிறேன்.

முறை வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். தினமும் மூன்று நான்கு தடவை, பத்துப் பதினைந்து நிமிடம், பிள்ளையின் முகத்துக்கு நேராகத் தரையில் உட்காருங்கள். குளிப்பாட்டும்போது “தண்ணி”, “கை”, “கால்” என்று ஒவ்வொரு சொல்லாகச் சொல்லுங்கள். பிள்ளை எழுப்பும் ஒலியை நீங்களும் திருப்பிச் செய்யுங்கள். பிஸ்கட்டை முழுதாகக் கொடுக்காமல் ஒரு துண்டு கொடுத்து, கண்ணைப் பார்த்து, பத்து வரை எண்ணும் நேரம் காத்திருங்கள். கையை நீட்டினாலும், ஒரு சத்தம் கொடுத்தாலும், உடனே கொடுத்து மெச்சுங்கள். பேசவில்லையே என்று அடிக்காதீர்கள்.

மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்வதை நான் தடுக்கவில்லை. கோயிலுக்கும் போங்கள், கிளினிக்குக்கும் போங்கள். ஆனால் ஆட்டிசத்தை அடியோடு தீர்த்துவிடும் மருந்து என்று எதுவும் இல்லை. உடம்பிலிருக்கும் நஞ்சை இறக்கினால் குணமாகும் என்று ஊசி ஏற்றி, 2005இல் அமெரிக்காவில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் இறந்தே போனான். ஆயிரக்கணக்கில் பணம் கேட்பவர்களிடம் ஏமாறாதீர்கள். பலன் தருவது பயிற்சிதான். பயிற்சியால் சில பிள்ளைகள் நன்றாகப் பேசிப் படிக்கின்றன. சில பிள்ளைகள் படத்தைக் காட்டியாவது தேவையைச் சொல்லக் கற்றுக்கொள்கின்றன. பசி, வலி, பயம் என்று சொல்லத் தெரிந்தாலே பிள்ளையின் அழுகை பாதி குறைந்துவிடும்.

அட்டையில் அவமானம் இல்லை

மருத்துவர் உறுதி செய்தால் சமூக நல இலாகாவில் ஓ.கே.யு. அட்டைக்குப் பதியலாம். தந்தைமார்கள்தான் இங்கே தடையாக நிற்கிறார்கள். “என் மகனுக்கு ஊனமுற்றவன்னு முத்திரையா? நாளைக்குத் தங்கச்சிய யாரு கட்டுவா?” என்கிறார்கள். அந்த வருத்தம் புரிகிறது. ஆனால் தோழரே, அட்டையை மறைத்தால் குறை மறைந்துவிடுமா? 2008ஆம் ஆண்டு உடற்குறையுடையோர் சட்டம் கொடுத்துள்ள உரிமைகளைப் பெற அந்த அட்டைதான் சாவி. சமூக நல இலாகாவின் பி.டி.கே. பயிற்சி நிலையங்கள், 1984இல் திரங்கானுவில் பத்து ராக்கிட்டில் தொடங்கி, இன்று நாடு முழுவதும் இருக்கின்றன. பள்ளிகளில் சிறப்புக் கல்வி வகுப்புகளும் இருக்கின்றன. நம் வரிப்பணத்தில் நடப்பவற்றை நாமே வேண்டாம் என்பதா?

சங்கத்துக்கு ஒரு வார்த்தை

தாய்க்குச் சொன்னால் மட்டும் போதாது. கிளினிக்குக்குப் போக ஒரு நாள் வேலை போகிறது. 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளியாக ஆன குறைந்தபட்சச் சம்பளத்தை 26 நாளுக்கு வகுத்தால், ஒரு நாளுக்கு 65 வெள்ளி 38 காசு. பயிற்சிக்கு மாதம் இரண்டு முறை என்றால் கணக்கு என்னாகும்? அதற்கு மேல் டவுனுக்கு வண்டிச் செலவு. கிளினிக் சீட்டுக்கு ஒரு வெள்ளிதான். அந்த ஒரு வெள்ளிச் சீட்டை வாங்கப் போவதற்குத்தான் நூறு வெள்ளி ஆகிவிடுகிறது. இதனால்தான் இரண்டாவது தவணைக்குப் பலர் போவதே இல்லை.

ஆகவே நம் சங்கம் கூட்டு ஒப்பந்தப் பேச்சில் மூன்றைக் கேட்க வேண்டும். ஒன்று, இப்படிப்பட்ட பிள்ளையின் பெற்றோருக்கு ஆஸ்பத்திரி நாளில் சம்பளத்தோடு விடுப்பு. இரண்டு, தோட்டத்து வண்டி. மூன்று, ஆயாக் கொட்டகையில் வேலை செய்பவர்களுக்குப் பயிற்சி. எந்தப் பிள்ளை பேருக்குத் திரும்பவில்லை, எது தனியே ஒதுங்குகிறது என்று பெற்றோருக்கு முன்னால் ஆயாவின் கண்ணுக்குத்தான் தெரியும். வேலையிடத்தில் குழந்தைக் காப்பகமும் மருத்துவ வசதியும் 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டத்திலேயே பேசப்பட்டவை. காப்பகம் என்றால் பிள்ளையைத் தூங்கவைக்கும் கொட்டகை என்று மட்டும் நிர்வாகம் நினைத்துவிடக் கூடாது.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இந்தப் பிள்ளைகளுக்குக் கேட்டு அழவும் தெரியாது. அவர்களுக்காகப் பெற்றோர் கிளினிக்கில் கேட்கட்டும். சங்கம் நிர்வாகத்திடம் கேட்கட்டும். உங்கள் வீட்டில் இரண்டு வயதாகியும் பேசாத பிள்ளை இருந்தால், அடுத்த சம்பளம் வரட்டும், தீபாவளி போகட்டும் என்று தள்ளாமல் இந்த வாரமே புத்தகத்தோடு புறப்படுங்கள்.